வசீத்திக்கு ஒரு கனத்த லேப்டாப்

நைவாக்கா, கண்டவுத் தீவு
11 பிப்ரவரி 2019

என் கண்ணு வசீத்திக்கு,

உன் பாட்டி எழுதுவது. போன் கோபுரம் இன்னும் விழுந்தே கிடக்கிறது; கப்பல்காரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் மாமா ரூபெனி ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கிற வேலை முடிந்து அடுத்த மாதம் வருகிறான். உனக்கு லேப்டாப் வாங்கி வருகிறானாம். போதகர் மகள் வைத்திருக்கிறாளே, தட்டு மாதிரி மெலிசாக, அது எனக்குப் பிடித்திருக்கிறது. உனக்கு எது வேண்டுமென்று அவனிடம் சொல்லு; எனக்கும் எழுது, நாலு பேர் கேட்டால் சொல்ல வேண்டாமா? படித்தது ஐந்தாம் வகுப்பு என்றாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். முதலில் இங்கே கொண்டுவந்து ஜெபம் பண்ணி, பிறகுதான் உன் கைக்கு.

உன் பூபூ சலோத்தே

சுவா
19 பிப்ரவரி

அன்புள்ள பூபூ,

மெலிசானது எனக்கு உதவாது. பாலம் வரைகிற மென்பொருள் ஓட, நினைவகம் பதினாறு வேண்டும். படத்துக்கென்று தனி சிப் வேண்டும். கனமாக இருக்கும், விசிறி இரையும், அழகே இருக்காது. மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று. பெட்டி ஊருக்கு வர வேண்டாம். மாமா சுவா வழியாகத்தானே வருகிறார், என்னிடமே கொடுக்கட்டும். ஊரில் யார் கண்ணிலாவது பட்டால் "கெரெக்கெரே" என்று வந்து நிற்பார்கள். சொந்தக்காரர் அப்படிக் கேட்டுவிட்டால் கொடுத்துவிடுவதுதான் ஊர் வழக்கம்; உங்களால் இல்லையென்று சொல்ல முடியாது. ஏப்ரல் கடைசிக்குள் பாலத்தை வரைந்து கொடுக்காவிட்டால் இந்தப் பாடம் போய்விடும். கல்லூரி லேபில் இடம் பிடிக்க வரிசையில் நின்றே களைத்துப் போகிறேன்.

அன்புடன்,
வசீத்தி

நைவாக்கா
18 மார்ச்

வசீத்தி,

என்னைத் திட்டு. ரூபெனி உன்னிடம் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னான். நான்தான் பிடிவாதம் பிடித்து இங்கே வரவழைத்தேன். நீ எழுதிய பதினாறைக் கிலோ என்று நினைத்து, என் பேத்தியின் லேப்டாப் பதினாறு கிலோ என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். தூக்கிப் பார்க்கவே கூட்டம் வந்துவிட்டது. "என்ன சலோத்தே, கோழிக்குஞ்சு கனம்கூட இல்ல!" என்று ஒரே சிரிப்பு.

எல்லாரும் போன பிறகு என் கொழுந்தனார் மனைவி மெரேயோனி மட்டும் போகவில்லை. "அக்கா, எம் மகன் ஈசெய் வாத்தியாரு வேலையில அம்பது புள்ளைங்க மார்க்குக் கணக்கையும் கையாலயே எழுதி வெரலே வீங்கிப் போச்சு. ஒங்க மகன் வெளிநாட்டுல சம்பாதிக்கிறான், இன்னொண்ணு வராமலா போயிரும்? கெரெக்கெரே."

"எடுத்துக்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. ரூபெனி எழுந்து வெளியே போனவன் சாப்பிடக்கூட வரவில்லை.

பூபூ

சுவா
25 மார்ச்

பூபூ,

கடிதம் கிடைத்தது. கோபப்படத் தெம்பில்லை. லேபில் பாதி இயந்திரம் ஓடவில்லை. இந்தப் பாடத்தை விட்டுவிடப் போகிறேன். அடுத்த வருஷம் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். தேவாலயத்தில் இனி என்னைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள்.

வசீத்தி

நைவாக்கா
8 ஏப்ரல்

என் கண்ணு,

விடாதே. இந்தக் கடிதத்தோடு பெட்டியும் வருகிறது.

வியாழக்கிழமை மெரேயோனி வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். கொடுத்தே பழகிய கை, கேட்டு நீளவில்லை. மடியில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"மெரே, கெரெக்கெரே. அந்த லேப்டாப்பு."

"வெளையாடுறீங்களா அக்கா? குடுத்ததத் திருப்பிக் கேக்குற வழக்கம் நம்மகிட்ட உண்டா?"

"இல்லதான். கேட்டா இல்லேன்னு சொல்ற வழக்கமும் இல்லியே."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டாள். "குடுத்துருடா. நாளைக்குக் கட்டியிருக்குற துணியையும் கேப்பாங்க."

ஈசெய் அதைத் தன் சட்டையால் துடைத்துக் கொடுத்தான். பிள்ளைகளின் மார்க்குக் கணக்கெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். அழிக்காமல் தாளில் எடுத்து அனுப்பும்படி உன்னிடம் சொல்லச் சொன்னான். நல்ல பையன். அதுதான் வலிக்கிறது.

நீ சொன்னபடி உன்னைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கேட்க ஆளும் இல்லை. நேற்று தேவாலயத்தில் என் பெஞ்சுக்கு ஒருவரும் வரவில்லை. காலை நீட்டிக்கொண்டேன்.

பாலத்தை வரை. பதில் மெதுவாக எழுதலாம்.

உன் பூபூ