ஆறு அங்குலக் கண்ணாடி

2 மார்ச் 2025, ஞாயிறு

தொலைநோக்கிக் கண்ணாடி முடிந்துவிட்டது, இனி முலாம் பூச அனுப்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை.

காலையிலிருந்து பின்பக்கக் குசினியில் மெருகேற்றினேன். கண்ணாடியை வைத்திருக்கும் டிரம்மைச் சுற்றி நடந்து நடந்து தேய்ப்பதில் இடுப்பு விட்டுப்போகிறது. மத்தியானம் சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கிச் சோதனை வைத்தேன். ஒரு சின்ன விளக்கு, ஒரு சவரப் பிளேடு. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் குவியும் இடத்தில் பிளேடை நிறுத்தி, அதை ஒட்டிக் கண்ணை வைத்தால் கண்ணாடி முழு நிலா மாதிரி சாம்பல் நிறமாகத் தெரியும். எங்காவது மேடு பள்ளம் இருந்தால், அது தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றாலும், நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

மேடு இல்லை. பள்ளம் இல்லை. ஆனால் நடுவில் கறுப்பாக நூல் நூலாக ஏதோ. ஒட்டடை மாதிரி. பக்கத்தில் மிளகுத்தூளைத் தூவிவிட்ட மாதிரி புள்ளிகள்.

கீறலா? கழுவிப் பார்த்தேன். துடைத்துப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

என் வீட்டுக்காரர் லோரியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். “இன்னுமா தேய்க்கிற? எங்க வீட்டுச் சட்டிய இப்படி ஒரு நாள் தேய்ச்சிருந்தா எங்கம்மா உன்னைத் தலையில தூக்கி வச்சிருப்பாங்க.”

சிரித்தேன்.

5 மார்ச், புதன்

வேலை விட்டு வந்து மறுபடி மெருகேற்றினேன். ஒட்டடை போகவில்லை. கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. கீறல் இறங்குமா?

8 மார்ச், சனி

கோகிலனுக்குப் போன் போட்டேன். கோலசிலாங்கூரில் இயற்பியல் வாத்தியார். இரண்டு வருஷத்துக்கு முன்பு புக்கிட் மெலாவத்தி குன்றில் அவர் வைத்த தொலைநோக்கியில்தான் வரிசையில் நின்று சனியைப் பார்த்தேன். வளையம் தெரிந்ததும் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள், நகர வேண்டியதாகிவிட்டது. அந்தக் கோபத்தில் ஆரம்பித்த வேலை இது.

“அக்கா, கண்ணாடிய கால் வட்டம் திருப்பி வச்சுப் பாருங்க. கறை அதுல இருந்தா அதுவும் கூடவே திரும்பும் லா. திரும்பலன்னா விளக்கு, பிளேடு, வேற எதுலயாச்சும் கோளாறு” என்றார்.

வேற எதுலயாச்சும். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

9 மார்ச், ஞாயிறு

திருப்பினேன். அது திரும்பவில்லை.

விளக்கை மாற்றினேன். புதுப் பிளேடு போட்டேன். அப்படியே இருக்கிறது. கடைசியாக, ஏனென்று தெரியவில்லை, இடது கண்ணை வைத்துப் பார்த்தேன்.

சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

வலது கண் — ஒட்டடை. இடது கண் — இல்லை. வலது. இடது. எத்தனை தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேனோ. கண்ணாடியில ஒண்ணுமே இல்ல. எல்லாம் என் கண்ணுல.

கோகிலன் கேட்டு அனுப்பியிருந்தார். ‘பிளேடுதான் கோளாறு’ என்று பதில் போட்டுவிட்டேன்.

10 மார்ச், திங்கள்

ராவாங் போகும் வரை ஃபேக்டரி பஸ்ஸில் வலது கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டே போனேன்.

நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் இடது கண்ணாலேயே சர்க்யூட் பலகைகளைப் பார்த்தேன். லைன் லீடர் நித்தியா, என்னைவிடச் சின்னப் பெண், பின்னால் வந்து நின்றாள். “என்னக்கா, தலைய சாய்ச்சே பாக்குறீங்க? கழுத்து வலியா?”

“ஆமா.”

எவ்வளவு சுலபமாக வருகிறது பொய். கண் சரியில்லாதவளை இந்த லைனில் வைத்திருக்க மாட்டார்கள். வேறென்ன வேலை தெரியும் எனக்கு? பார்க்கத் தெரியும். அவ்வளவுதான்.

13 மார்ச், வியாழன்

மின்னல். வலது ஓரத்தில், பளிச்சென்று.

“மழை வரப்போகுதா?” என்று கேட்டேன். அவர் வாசலுக்குப் போய்ப் பார்த்தார். “எங்க? நெலா நல்லா வந்துருக்கு. வா, பாரு.”

போகவில்லை. சோபாவில் உட்கார்ந்தபடி தலையைத் திருப்பினேன். மறுபடி மின்னியது.

போனில் தேடி, பாதி படித்து மூடிவிட்டேன். உடனே போ, உடனே போ என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. போனால் என்னவென்று சொல்லிவிடுவார்கள். சொல்லாத வரைக்கும் அது ஒரு ஒட்டடை.

16 மார்ச், ஞாயிறு

காலை முழுக்க மெருகேற்றினேன். தேவையே இல்லை என்று தெரியும். ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்தேனோ, கண்ணாடியில்தான் ஏதாவது இருக்கிறதோ என்று. இருக்கட்டுமே என்று.

மனசுக்குள் பேரம் பேசுகிறேன். கண்ணாடியைத் தொலைநோக்கிக் குழாயில் மாட்டி ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், அப்புறம் ஆஸ்பத்திரி. சனி இப்போது சூரியன் பக்கம், தெரியாது. வியாழன் கிரகம் போதும். வியாழனைப் பார்த்துவிட்டுப் போகிறேன். யாரிடம் கேட்கிறேன் இதை?

18 மார்ச், செவ்வாய்

வார்டில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் பல் தேய்க்கும்போது வலது கண்ணின் கீழ் மூலையில் கறுப்பாக ஒரு திரை. அப்படியும் வேலைக்குப் போனேன். பைத்தியக்காரி! பத்து மணி டீக்குள் திரை பாதி தூரம் ஏறிவிட்டது. நித்தியாவின் முகத்தைப் பார்க்கிறேன், வாய் தெரியவில்லை. நெற்றி மட்டும் பேசுகிறது.

“நித்தியா, எனக்குக் கண்ணு போவுது” என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை.

அவள்தான் அவருக்குப் போன் போட்டாள். செம்பனைப் பழக்குலையை எண்ணெய் ஆலையில் இறக்கக்கூட இல்லை, ஏற்றிய லோரியோடு அப்படியே ராவாங்குக்கு வந்து நின்றார்.

“எப்பலேருந்து?”

“ரெண்டு வாரமா.”

சிவப்பு விளக்கில் நிறுத்தினார். பச்சை விழுந்தும் எடுக்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். “என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல மோகனா” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரம்மா தமிழ்தான். “விழித்திரை கிழிஞ்சு கழண்டு வருது. நடுப்பகுதிக்கு இன்னும் வரல. ஆனா ரொம்பக் கிட்ட இருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா...”

நாளைக் காலை ஆபரேஷன். இடது கண்ணுக்கும் வந்தா? அதுவும் போயிட்டா? விளக்கை அணைக்க வேண்டாம் என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறேன்.

22 மார்ச், சனி

வீட்டில். குப்புறப் படுத்தபடி, தரையில் தாளை வைத்து எழுதுகிறேன்.

கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பியிருக்கிறார்கள். அது மேலே மிதந்து விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்க வேண்டுமாம். அதனால் முகம் கீழே பார்த்தே இருக்க வேண்டும். சாப்பாடும் குனிந்தே. தூக்கமும் குப்புறவே. நிமிர்ந்தால் கழன்றுவிடுமோ என்று தூக்கத்திலும் கழுத்து விறைத்துக்கொள்கிறது.

அவர் லீவு போட்டிருக்கிறார். நான் கட்டில் ஓரத்தில் முகத்தைத் தொங்கவிட்டால், அவர் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். “லோரிக்கு அடியில படுத்த மாதிரியே இருக்கு. எண்ணெய் ஒழுகுதான்னு பாக்குறேன்.”

ஒழுகியது. அவர் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

26 மார்ச், புதன்

வலது கண்ணில் வெளிச்சம் மட்டும். கையை ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது. விரல் தெரியவில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

நிமிர்ந்து உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். வாயு கரைகிறது. பார்வைக்குக் கீழ்ப்பாதியில் கறுப்புத் தண்ணீர் போல ஆடுகிறது. அதற்கு மேலே — விட்டத்துக் காற்றாடி. இறக்கைகள் தெரிகின்றன! அவரைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

ஆனால் கதவு நிலை நேராக இல்லை. நடுவில் வளைந்திருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

பிறகு சொல்லிவிட்டேன். இனிமேல் மறைப்பதில்லை.

2 மே, வெள்ளி

விழித்திரை ஒட்டிவிட்டது. வளைவு கொஞ்சம் குறையலாம், முழுசாகப் போகாது என்றார் டாக்டரம்மா. இடது கண்ணில் மெலிந்த இடம் ஒன்று இருந்ததாம், லேசர் வைத்தார்கள். “அப்போ இதுவும் கிழியுமா டாக்டர்?” “கிழியாம இருக்கத்தான் வச்சிருக்கோம்” என்றார். அது பதிலா?

வேலைக்குத் திரும்பினேன். ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நித்தியா மேலே போய்ப் பேசியிருக்காவிட்டால் அதுவும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் என் நாற்காலியில் வேறு ஒரு பெண். உயரத்தைத் தாழ்த்தி வைத்திருக்கிறாள்.

தும்மல் வந்தால் பயம். பஸ் பள்ளத்தில் விழுந்தால் பயம். இருட்டில் கண்ணைத் திருப்பப் பயம்.

1 ஜூன், ஞாயிறு

மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் கண்ணாடியை வெளியே எடுத்தேன். இடது கண்ணால் சோதனை. விளிம்பு சுற்றிலும் சரிந்து கிடக்கிறது. கேட்பானேன்? இல்லாத கறையைத் தேய்த்துத் தேய்த்து நானே கெடுத்தது.

கோகிலனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். “விளிம்ப கறுப்பு வளையம் வச்சு மறைச்சிரலாம்கா. ஆறு அங்குலம் அஞ்சரை ஆவும். அவ்ளோதான் நட்டம். முலாம் பூச நானே எடுத்துட்டுப் போறேன்” என்றார்.

அஞ்சரை. சரி.

5 ஜூலை, சனி

மழை இல்லை. இருட்டத் தொடங்கியதும் குழாயை அவர் தூக்கி வந்து திடலில் வைத்தார். என்னைத் தொடவிடவில்லை. செம்பனைக்கு மேலே நிலா, பாதிக்கு மேல் வளர்ந்தது.

அவரையே முதலில் பார்க்கச் சொன்னேன். எனக்குத் துணிவில்லை. கண்ணை வைத்தவர் “டேய்” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. கண்ணை எடுக்கவே இல்லை.

“என்னங்க, நானும் பாக்கணும்.”

“இரு மா. இந்தக் குழிக்குள்ள ஒரு மலை நிக்குது, நெழலு விழுது.”

நான் இடது கண்ணால் பார்த்தேன். குழி, மலை, நிழல், எல்லாம் கத்தியால் வெட்டிய மாதிரி. நான் தேய்த்தது. நானே தேய்த்தது.

அப்புறம் வலது கண். நிலாவின் விளிம்பு ஓரிடத்தில் லேசாக நெளிந்தது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். நெளிந்த இடத்திலும் குழிகள் இருந்தன.

இப்போது வந்து உட்கார்ந்து எழுதும்போதுதான் நினைவு வருகிறது. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி, குளியலறை ஓடுகளைப் பார்த்துக் கோடு விலகியிருக்கிறதா, கறுப்பு ஏறியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், டாக்டரம்மா சொன்னது. ஒரு நாள் விட்டதில்லை, பயத்தில் சில நாள் பத்துத் தடவை.

இன்று காலை பார்க்கவில்லை. மறந்துவிட்டேன்.