விண்கலம் கிளம்பியதோடு நின்ற பேச்சு

21 பெப்ரவரி 2004, சனி

தமிழ்ப் பள்ளி விழாவில் நான் பேச இருந்தது இதுதான்: பின்னால் அணுகுண்டுகளை வெடித்து விண்கலத்தைத் தள்ள அந்தக் காலத்தில் போட்ட திட்டமும், கதிர்வீச்சுக்குப் பயந்து அதைக் கைவிட்டதும். விளக்கேற்றியவருக்கு ஒரு பொன்னாடை, அவரை அறிமுகம் செய்தவருக்கும் ஒன்று. நேரம் போய்விட்டது. என் பேச்சில் கலம் கிளம்பிய இடத்திலேயே தலைவர் ஒலிவாங்கியை வாங்கிவிட்டார்.

"காணும் அக்கா, முடியுங்கோ, சோறு ஆறுது."

பிள்ளைகள் குண்டுக்குக் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்.

"அன்ரி, அப்ப கீழை நிக்கிற ஆக்களுக்கு என்ன நடக்கும்?"

வாயைத் திறந்தேன். தாய் அவளுக்குத் தொப்பியை மாட்டினாள்.

"பேந்து ஒருநாள் கதைக்கலாம். பஸ்ஸை விட்டா குளிருக்கை நிக்கவேணும், வா."

மற்றப் பிள்ளைகள் குண்டு நல்லதென்று நினைத்துக்கொண்டு தூங்குவார்கள். கேட்ட ஒருத்திக்கும் நான் பதில் சொல்லவில்லை. பெயர்கூடத் தெரியாது.