பதுவையில் கேட்க வேண்டியது

10 மார்ச் 1959, செவ்வாய்

இத்தாலிப் பயணத்துக்கு ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் என்று பட்டியல் போட்டிருந்தேன். லூர்து இன்று வெனிஸை அடித்துவிட்டுப் பதுவை என்று எழுதியிருக்கிறாள்.

"வெனிஸை ஏன் அடிச்ச?"

"நாள் பத்தாது. பதுவை அந்தோணியாருதான் தொலைஞ்சதத் தேடிக் குடுக்கறவரு. எனக்கு ஒண்ணு தொலைஞ்சிபோச்சி. நேர்லயே போய்க் கேக்கணும்."

"என்னா தொலைஞ்சிது?"

"கல்யாணமாயி இருபது வருஷமாச்சி. உங்களுக்கே தெரியலியா?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சங்கிலி அவள் கழுத்தில் இருக்கிறது. ஜெபமாலை ஆணியில் தொங்குகிறது. பீரோ சாவி, மோதிரம், அவள் அம்மா படம் எல்லாம் பத்திரம். மாலை முழுக்க வீட்டைப் புரட்டிவிட்டேன். திரும்பக் கேட்டால் சிரிக்கிறாள். அது சிரிப்புதானா என்பதும் புரியவில்லை.

வெனிஸ் போனால் போகட்டும். பதுவையில் அவள் பக்கத்தில் நானும் முழங்கால் போட்டாக வேண்டுமே. எதைத் திருப்பித் தரச்சொல்லி வேண்டிக்கொள்வேன்?