தொட்டி விளக்கை அணைக்காதே

அம்மு, சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு உன் தம்பி வருவான், கதவைத் திற.

மீன் தொட்டியைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும். "அவ வெச்சதுல கை வைக்காதீங்க" என்று நேற்றும் அழுதாய். நம் பாப்பா வைத்த கோட்டை அங்கேயேதான் இருக்கிறது. உன் தம்பியைப் போலவே வாயைப் பிளந்திருப்பதால் அவள் 'மாமா' என்று கூப்பிட்ட நீச்சல்காரப் பொம்மையும் இருக்கிறது. பிளாஸ்டிக் செடிகளை மட்டும் எடுத்துவிட்டு நிஜச் செடி நட்டேன்.

"மீனை எத்தனை நாள்ப்பா ஏமாத்துவோம்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் சேர்ந்து நடலாம் என்றேன். அவள் வரவேயில்லை.

பழைய செடிகளைக் கழுவி அவள் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: செடிக்கு வெளிச்சம் வேண்டுமாம். ஹாலை நீ இருட்டாகவே வைத்துக்கொள். தொட்டி விளக்கை மட்டும் நான் வரும்வரை அணைக்காதே.