கதிரைச் சத்தம்

2009 மே 20, புதன்

மூன்று நாளாக அப்பா ரேடியோவைப் போடவில்லை. வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னதோடு நிறுத்தியவர்தான். அங்கே போருக்குள் இருந்த சித்தப்பா குடும்பம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அதனால் துக்கம் விசாரிக்கக்கூட எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

பின்னேரம் வேலையால் வந்து எனக்குப் பிடித்த ஓர் ஐஸ்லாந்து இசைக்குழுவின் சிடியைப் போட்டேன். இரண்டு சிடிகள். ஒன்றில் இதுவரை வெளிவராத பாட்டுகள். மற்றதில் பழைய பாட்டுகளையே மின்சாரக் கிற்றார் இல்லாமல் ஒரு சின்ன மண்டபத்தில் வாசித்திருக்கிறார்கள். நான் போட்டது இரண்டாவதை. அந்தப் பெரிய இரைச்சலைக் கழற்றி வைத்துவிட்டு, பியானோவையும் வயலினையும் மட்டும் கொண்டு எப்படி இப்படி ஒரு வீட்டையே நிறைக்கிறார்கள்! நடுவில் யாரோ உட்காரக் கதிரையை இழுக்கிற சத்தம் கேட்கிறது. அதையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்பா அவசரமாகச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தார்.

"பிள்ளை, ஆர் வந்திருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லையப்பா. உது பாட்டுக்குள்ள கேட்ட சத்தம்."

வெறும் சோபாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதிலேயே இருந்தார். பாட்டு முடியும்வரை அசையவில்லை.

"அந்தக் கதிரை இழுக்கிற இடத்தை இன்னொருக்காப் போடு."