கை நனைத்த பிறகு

21 ஜனவரி 2025, செவ்வாய்

ஏகப்பண்ணன் மறுபடியும் போன் செய்தார். அடுத்த மாதம் ஹாலந்திலிருந்து மூன்று பேர் வருகிறார்களாம். கொத்தமங்கலத்தில் ஹோட்டலாக்கியிருக்கும் அவர் வீட்டில் நான்கு நாள் தங்கல், அதில் இரண்டு நாள் என் வகுப்பு. "மீனா, கொஞ்சம் சுவாரசியமா வச்சுக்க. போன தடவை பொருளாதாரம் ஓடுறப்ப ரெண்டு பேரு தூங்கிட்டாக" என்றார்.

தூங்காமல் என்ன செய்வார்கள்? 'இந்தியா: தொழில் செய்ய வருபவருக்கு' என்று தலைப்பு வைத்து, நூற்று நாற்பது கோடிப் பேரை இருபத்திரண்டு ஸ்லைடில் அடைத்து வைத்திருக்கிறேன். வளர்ச்சி விகிதம், இளைஞர் தொகை, ஜி.எஸ்.டி., மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதிகள். அதன் பிறகு பண்பாடு. தலையை இப்படி ஆட்டினால் ஆமாம். அப்படி ஆட்டினால், கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'பார்ப்போம்' என்றால் முடியாது. விருந்தில் முதல் பந்தியில் உட்காரவைத்தால் நீங்கள் மரியாதைக்குரிய வெளியாள். பரிமாறி முடித்துக் கடைசிப் பந்தியில் உட்காருபவர்கள்தான் வீட்டு மனிதர்கள்.

பெங்களூரில் பதினெட்டு வருடம் நம் பிள்ளைகளுக்கு, வெள்ளைக்காரர்களோடு எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தேன். வேலை போய் காரைக்குடிக்குத் திரும்பிய பிறகு வெள்ளைக்காரர்களுக்கு, நம்மோடு எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கிறேன். அதே வண்டி, ரிவர்ஸ் கியர்.

24 ஜனவரி, வெள்ளி

பதினேழாவது ஸ்லைடை மாற்றிவிட்டேன். முன்பு வெறும் 'உணவு: வலது கையால் சாப்பிடவும்'. இப்போது விஷயம் இருக்கிறது.

கல்லூரி ஹாஸ்டலில் சித்ரா ஒரு நாள் சொன்ன கதை. அவள் அக்காவைப் பெண் பேசி முடிக்க வந்தவர்கள், பேச்சை ஆரம்பிக்கும் முன்பே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். பேசி முடியாமல் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு, அதன் பிறகு நிலத்தில் பங்கு கேட்டார்கள். தன் வீட்டில் சாப்பிட்டவர்களிடம் முடியாது என்று சொல்ல அவள் அப்பாவுக்கு வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டார். சொல்லும்போது சித்ரா அழுதாள். நானும் அழுதேன் என்று நினைவு.

ஸ்லைடில் இப்படிப் போட்டிருக்கிறேன்: 'விலையைச் சாப்பாட்டுக்கு முன்பு பேசாதீர்கள். கை நனைத்தவரிடம் இங்கே யாரும் கறாராக இருக்க மாட்டார்கள். கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.' பெயர் எதுவும் போடவில்லை. 'ஒரு கிராமத்துக் குடும்பம்' என்று மட்டும்.

நன்றாக வந்திருக்கிறது.

3 பிப்ரவரி, திங்கள்

வந்துவிட்டார்கள். தலைவர் ஹென்ட்ரிக். ஐம்பது வயது, மெல்லிய குரல், எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொள்கிற ஆள். கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளி வளர்க்கிறவர்களுக்கு மண்ணுக்குப் பதிலாகப் போட, தேங்காய் நார்த்தூள் கட்டி வாங்க வந்திருக்கிறார்கள்.

நார்த்தூள் என்றால் சிங்கம்புணரி. சிங்கம்புணரி என்றால் என் சித்ரா. அவள் கணவர் சேவுகன் லாரிகளைப் பார்த்துக்கொள்கிறார். தூளைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தும் யூனிட் முழுக்க அவள் கையில்தான். பதினெட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நானே அவள் பெயரைச் சொன்னேன். வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன், மொழிபெயர்ப்பும் நானே.

சித்ராவுக்குப் போன் போட்டேன். "நெசமாவாடி? ஹாலந்தா?" என்று கத்தினாள். அப்புறம் குரலை இறக்கி, எந்த விலைக்குக் கீழே போகவே முடியாது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "அதுக்குக் கீழ போனா காயவைக்கிற புள்ளைக கூலிகூட நிக்காது. நீ இருக்கல்ல, பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

4 பிப்ரவரி, செவ்வாய்

பதினேழு அமோகம். மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நிலத்தை எழுதிக் கொடுத்த இடத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். நானும் கூடச் சிரித்தேன்.

6 பிப்ரவரி, வியாழன்

எழுதத்தான் வேண்டுமா? எழுது.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். யூனிட்டைச் சுற்றிக் காட்டினாள். உப்பு போகத் தூளை எத்தனை முறை கழுவுகிறார்கள் என்று ஹென்ட்ரிக் கேட்டார், கையில் அள்ளி முகர்ந்தும் பார்த்தார். அவருக்குச் சரக்கு பிடித்துவிட்டது; முகத்திலேயே தெரிந்தது. சித்ரா, "வாங்க, ஆபீஸ்ல உக்காந்து வெலையப் பேசிருவோம். அப்புறமா நிம்மதியாச் சாப்பிடலாம்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

ஹென்ட்ரிக் என்னைப் பார்த்து மெல்லப் புன்னகைத்தார். "முதலில் சாப்பிடலாமே, பயணக் களைப்பு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிடமே புரிந்துவிட்டது. மொழிபெயர்த்தேன்.

சித்ராவின் மாமியார் சோணையம்மாள் இலை போட்டார். நாட்டுக்கோழிக் குழம்பு, முட்டை, ரசம். "நல்லாச் சாப்பிடச் சொல்லும்மா, கூச்சப்படப் போறாக" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஹென்ட்ரிக் கூச்சமே படவில்லை. கையால் பிசைந்து, வழித்து, இரண்டாம் சோறு வாங்கி, இலையைத் தன் பக்கமாக மடக்கி எழுந்தார். அது ஒன்பதாவது ஸ்லைடு.

கை கழுவி வந்து, கையைத் துடைத்தபடியே விலையைச் சொன்னார். சித்ரா என்னிடம் சொன்ன விலைக்கும் கீழே.

அவள், "பார்ப்போம்" என்றாள்.

ஹென்ட்ரிக் பேசாமல் இருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். சித்ரா முந்தானையைத் திருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "என்னடி சொல்லட்டும்? எலைகூட இன்னும் எடுக்கல. சாப்பிட்ட மனுசங்ககிட்ட முடியாதுன்னு எப்படிடி மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

சொல்லிடு. அவங்க ஊர்ல அது ஒண்ணுமே இல்ல. முடியாதுன்னா முடியாதுதான், கோவிச்சுக்க மாட்டாக. இதை நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வரி. அவருக்குத் தமிழ் தெரியாது.

நான், "உன் இஷ்டம்டி" என்றேன்.

சரி என்றுவிட்டாள். ஒரு வருடத்துக்கு.

மொழிபெயர்ப்பாளர் நடுவில் பேசக் கூடாது என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். அந்த ஒரு நிமிட மௌனத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் சொன்னபடியே நடக்கிறதே என்று இருந்தது. பெருமையாக இருந்தது! சித்ரா முந்தானையைத் திருகுகிறாள், நான் என் பாடம் பலிக்கிறதை வேடிக்கை பார்க்கிறேன். சீ.

7 பிப்ரவரி, வெள்ளி

எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

19 பிப்ரவரி, புதன்

ஹென்ட்ரிக்கிடமிருந்து மெயில். 'உங்கள் பதினேழாவது பக்கம் ஒன்றே பயணச் செலவுக்கு ஈடு' என்று எழுதியிருக்கிறார். கிண்டல் இல்லை, மனதாரப் பாராட்டுகிறார். ஜூனில் பன்னிரண்டு பேர் வருவார்களாம். ஏகப்பண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஹென்ட்ரிக் மீது கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. நல்ல மாணவர்.

11 மார்ச், செவ்வாய்

சித்ரா பஸ்ஸில் ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறாள், இந்த வருடத்தின் முதல் பழமாம். போனில், "ஒன்னாலதான்டி வெளிநாட்டு ஆர்டரே வந்துச்சு. வெல கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன, பேரு வந்துருச்சுல்ல" என்றாள். காயவைக்கிற பெண்களில் ஐந்து பேரை நிறுத்திவிட்டதாகவும் சொன்னாள். அதைச் சும்மா, வெயில் அதிகம் என்பதைப் போலச் சொன்னாள்.

நான் பழம் நன்றாக இருக்கிறது என்றேன். அறுக்கவே இல்லை. கூடத்து மூலையில் கிடந்து வீடு முழுக்க மணக்கிறது. கோழை. வேறு என்ன பெயர் எனக்கு?

2 ஏப்ரல், புதன்

ஹென்ட்ரிக் தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் ஒரு பதிவு போட்டிருக்கிறார். இரண்டு படம். ஒன்று சித்ரா வீட்டு வாழையிலை. மற்றொன்று என் பதினேழாவது ஸ்லைடு, வரிக்கு வரி படிக்கிற மாதிரி. 'இந்தியாவில் நான் கற்ற மிகப் பயனுள்ள பாடம்' என்று எழுதி என் பெயருக்கு நன்றி.

நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். சித்ராவின் மகள் சத்தியப்பிரியா எம்.பி.ஏ. படிக்கிறாள், நாள் முழுக்க அங்கேதான் இருப்பாள்.

3 ஏப்ரல், வியாழன்

சித்ரா போன் செய்தாள். சத்தம் போடவில்லை.

"அது எங்க அப்பா கதைதானடி?"

ஆமாம் என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

5 ஏப்ரல், சனி

சிங்கம்புணரி போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் மூன்று விதமாக மன்னிப்புக் கேட்டுப் பழகினேன். பயிற்சியாளர் அல்லவா!

சோணையம்மாள் வழக்கம்போல், "வா தாயி, வெயில்ல வந்திருக்க" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கை நீட்டினேன். உள்ளேயிருந்து வந்த சித்ரா, "அத்தை, அதை அங்குட்டு வைங்க. பேசி முடிக்கட்டும்" என்றாள்.

சோணையம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சொம்பை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பழகி வைத்திருந்த மூன்றும் மறந்துபோயின. தப்பு பண்ணிட்டேன்டி, தெரிஞ்சேதான் பண்ணேன் என்றேன். அவள் கேட்டது இரண்டே கேள்வி. "நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா அவரு கோவிச்சிருப்பாரா?"

"மாட்டார்."

"அது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஸ்லைடில் நான் எழுதியிருக்கிறேனே, கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள் என்று. அதை என்னிடமே செய்தாள் என்று சொல்ல முடியாது. அவளுக்குப் பேச ஒன்றுமில்லை, அவ்வளவுதான். நான்தான் தாங்க முடியாமல், ஹென்ட்ரிக்குக்கு எழுதுகிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன்.

தண்ணீர் குடிக்காமல் திரும்பினேன். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் பாட்டில் வாங்கும்போது அழுகை வந்துவிட்டது. கடைக்காரப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தான்.

8 ஏப்ரல், செவ்வாய்

எழுதியதற்கு ஹென்ட்ரிக் பதில் போட்டிருக்கிறார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். பதிவை நீக்கிவிட்டார். 'ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. அன்று அவர் முடியாது என்றிருந்தால் நான் கூட்டித் தந்திருப்பேன். அதற்கு ஒரு தொகை தயாராகவே வைத்திருந்தேன். முடியாது என்று சொல்லலாம் என நீங்கள் ஏன் அவரிடம் சொல்லவில்லை? அவர் உங்கள் தோழி என்றும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லையே. சித்ராவே நேரில் பேசட்டும், கேட்கிறேன்.'

கடைசி வரியை மட்டும் சித்ராவுக்கு அனுப்பிவைத்தேன்.

13 ஏப்ரல், ஞாயிறு

சித்ராவிடமிருந்து வாட்ஸப். சத்தியப்பிரியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவில் பேசினாளாம். 'முடியாதுன்னு சொன்னேன். சரின்னுட்டார். விலை பேசியாச்சு. நிறுத்தின அஞ்சு பேரையும் வரச் சொல்லிட்டேன். நன்றி.'

முப்பது வருடத்தில் அவள் எனக்கு நன்றி சொன்னது இல்லை.

2 ஜூன், திங்கள்

பதினேழை எடுத்துவிட்டேன் என்று தெரிந்து ஏகப்பண்ணன் வந்தார். "அதைக் கேக்கத்தானே பன்னண்டு பேரு வாராக!" வேறு ஆள் பாருங்கள் என்றேன். ரொம்ப நேரம் வாதாடிவிட்டுக் கிளம்பும்போது, "அந்த ஒரு ஸ்லைடை மட்டுமாவது குடுத்துட்டுப் போயேன்" என்றார். சிரிப்பு வந்தது. கொடுக்கவில்லை.

28 ஆகஸ்ட், வியாழன்

சிங்கம்புணரியிலிருந்து தபாலில் பத்திரிகை. யூனிட்டுக்குப் புது ஷெட், வரும் வியாழன் திறப்பு. அச்சடித்த உறையில் என் பெயருக்கு முன்னால் 'திருமதி'. சித்ராவின் கையெழுத்துதான்.

கூப்பிட்டுவிட்டாள்! அவள் கல்யாணம், பிள்ளை காதுகுத்து, வீடு குடிபோனது எல்லாவற்றிலும் சாம்பார் வாளி என் கையில்தான் இருந்திருக்கிறது. கசங்கினால் பரவாயில்லாத புடவையாக எடுத்து வைத்திருக்கிறேன்.

4 செப்டம்பர், வியாழன்

எட்டு மணிக்கே போய்விட்டேன். சமையல்கட்டுக்குப் போய் முந்தானையைச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தேன். சித்ரா வந்தாள். பட்டுப்புடவையில் நன்றாக இருந்தாள். சிரித்த முகம்.

"நீங்க ஏன் இங்குட்டு வந்தீக? தூரத்துல இருந்து வந்திருக்கீக. அங்குட்டு ஃபேனுக்கடியில போய் உக்காருங்க" என்று வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வெடுக்கென்று பிடுங்கவில்லை. பதமாக வாங்கிக்கொண்டாள்.

ஹென்ட்ரிக்கும் வந்திருந்தார். பூஜை முடிந்து ரிப்பன் வெட்டியதும் இலை போட்டார்கள். சித்ரா பந்தலுக்கு நடுவில் நின்று, "வெளியூரு விருந்தாளிகள மொதப் பந்தியில உக்கார வைங்க, அவுகளுக்குப் போட்டுட்டு அப்புறம் நம்ம சனம் உக்காரலாம்" என்றாள். சத்தியப்பிரியா என்னை ஹென்ட்ரிக் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். சோணையம்மாள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

சித்ராவே பரிமாறினாள். வடை இரண்டு வைத்தாள். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது.

ஹென்ட்ரிக் குனிந்து என் காதருகில் கேட்டார், முதல் வரிசையில் உட்காரவைப்பது பெரிய மரியாதை என்று நீங்கள் சொன்னீர்கள் இல்லையா என்று.

ஆமாம், பெரிய மரியாதை என்றேன்.