மொரிஸ் காரின் இடது கதவு

கலகெதர,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

என் அன்பான கொறற்றிக்கு,

உன் வீட்டுக்காரன் எஸ்ரன் எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் தினமும் செபம். கையில் போன் இருக்க, இந்த மனுசன் கடுதாசி எழுதுகிறாரே என்று சிரிப்பாய். சிரி. நீ பேசும்போது உன் மெடத்தின் தாயார் கட்டிலில் இருந்து மணி அடிக்கிறார். நான் பேசும்போது கராஜில் கிரைண்டர் கத்துகிறது. இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் புருசனும் பெண்சாதியும் என்னத்தைப் பேசுவது? கட்டுகஸ்தோட்டை சுகிர்தா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

நிலூஷாவும் மருமகனும் வத்தளையில் சுகம். ஞாயிறு தோறும் போன் எடுத்து, “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். உன் பிள்ளைதானே, பொறுமை எங்கிருந்து வரும்?

நீ கடைசியாக போன் எடுத்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெடம் இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறார், மாத முடிவில் கையெழுத்து வைக்க வேண்டும், வீட்டுக்கு மேல் மாடியும் போட்டுவிடலாம், என்ன சொல்றீங்க என்று கேட்டாய். நான் “சரி” என்றேன். கராஜில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கொறற்றி. பெண்சாதியைப் பார்த்து வந்துவிடு என்று கெஞ்ச எனக்கு வெட்கமாக இருந்தது. சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

அப்போது என் கையில் இருந்தது ஒரு பழைய மொரிஸ் மைனர். புசல்லாவையில் தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருந்து பென்சன் வாங்கிய ராஜரத்தினம் ஐயாவுடையது. கார் பக்டரியில் இருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும், பிறகு குத்திய ஓட்டை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது, பட்டி பூசி ஏமாற்றவும் கூடாது, தகரத்தைத் தகரத்தாலேயே அடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஏரியல் நின்ற ஓட்டை, லைட் மாட்டிய ஓட்டை, கண்ணாடி பூட்டிய ஓட்டை, கதவடியில் துரு தின்ற ஓட்டை என்று கார் முழுக்க ஓட்டைதான். பார்த்த உடனே எனக்கு ஆசை பிடித்துவிட்டது. உனக்குத் தெரியுமே, இந்த மாதிரி வேலை வந்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

இந்த வேலையில் அவசரம் ஆகாது. ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் அது ஆறும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த பொட்டு எதிர்ப்பக்கத்தில். பிறகும் நிற்க வேண்டும். விடாமல் இழுத்தால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை. அன்றைக்கு உன்னிடம் சரி சொல்லிவிட்டு வந்து, இடது கதவின் அடித் துண்டை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். கதவு பொரித்த அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. முதலாளி நிஸாம் ஓடி வந்து, “யா அல்லாஹ்! எஸ்ரன் பாஸ், இன்டைக்கு ஒங்களுக்கு என்னத்தப் புடிச்சீக்கிது?” என்று தலையில் கை வைத்தார். நான் சுத்தியலைத் தேடிப் போனேன்.

அந்தக் கதவைத் தட்டித் தட்டி வழிக்குக் கொண்டுவரப் பட்ட பாடு சொல்லி மாளாது. பின்னால் இரும்புக் கட்டையைப் பிடித்து, முன்னால் சுத்தியலால் செல்லமாகத் தட்டி, அரம் போட்டு, துணியைச் சுற்றிய உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடி தட்டி. அதே கதவில் மேலே கண்ணாடி பூட்டிய ஓட்டையையும் அடைத்து, எல்லாம் ஒன்றாக வழவழவென்று ஆக்கிவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேனே, நீகூட கட்டைவிரல் ஒன்று அனுப்பினாய்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் ராஜரத்தினம் ஐயா பார்க்க வந்தார். காரைச் சுற்றி நடந்தார், நல்ல வேலை என்றார். இடது கதவுக்கு வந்ததும் நின்றுவிட்டார். விரலால் தடவினார், குனிந்து பார்த்தார், மறுபடி தடவினார். “பாஸ், இங்க ஒரு கண்ணாடி இருந்துச்சே, எந்த எடம்?” என்று கேட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மலை வளைவுகளில் பின்னால் வரும் பஸ் ஹோர்ன் கேட்காதாம். அதனால் அவர் மனைவி தன் பக்கத்துக் கதவில் ஒரு கண்ணாடி பூட்டச் சொல்லி, அதையே பார்த்துக்கொண்டு வருவாராம். பஸ் வந்தால் இவர் தோளில் தட்டுவாராம். அந்த அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஐயாதான் எல்லா ஓட்டையையும் அடைக்கச் சொன்னார். சொல்லும்போது இது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

எந்த இடம் என்று எனக்கும் தெரியவில்லை, கொறற்றி. அடைத்தவனே நான், என் கைக்கே பிடிபடவில்லை. கடைசியில் கதவின் உள்பக்கமாகக் கையை விட்டுத் தேடினேன். உள்ளே நான் அரம் போடவில்லை, அதனால் பொட்டு தட்டுப்பட்டது. உள்ளிருந்து விரலால் தட்டினேன். சத்தம் கேட்காவிட்டாலும் தகரம் அதிர்வது கைக்குத் தெரியும் அல்லவா? வெளியே அவர் உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, “சரி பாஸ், பெயின்ட அடிங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. நேற்று நடந்ததைக் கேள். நம் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபாதர் வீடு வீடாக மந்திரிக்க வந்தார். நானும் கூட்டிப் பெருக்கி, மெழுகுதிரி கொளுத்தி, நல்ல சட்டை போட்டு நின்றேன். தீர்த்தம் தெளிப்பதற்கு முன், “இந்த வீட்டுல யார் யார் இருக்கீங்க? பேரைச் சொல்லிச் செபிக்கணும்” என்று கேட்டார். நான், “எஸ்ரன், நான் மட்டுந்தான் ஃபாதர்” என்றேன். அவரும் என் ஒருத்தன் பேரைச் சொல்லிச் செபித்து, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குத் திக்கென்றது. உன் பேர் என் வாயில் வரவே இல்லையடி. மறந்தேன் என்று நினைக்காதே. உன்னை நினைக்காமல் நான் ஒரு பிடி சோறு தின்றதில்லை. ஆனால் நீ இல்லாதது இந்த வீட்டுக்குப் பழகிவிட்டது, எனக்கும் பழகிக்கொண்டு வருகிறது. தனியாக இருப்பது எனக்குப் பயமில்லை. அது வலிக்காமல் போய்விடுமோ என்றுதான் பயம். இன்னும் இரண்டு வருடம் போனால் எந்த இடத்தில் வலித்தது என்றுகூட எனக்குத் தெரியாமல் போய்விடும்.

மேல் மாடி யாருக்கு, கொறற்றி? கீழே தனியாக இருப்பது போதாது என்று மேலேயும் ஏறித் தனியாக இருக்கவா? இருக்கிற கூரை ஒழுகவில்லை. ஒழுகினால் அடைக்க எனக்குத் தெரியும்.

கராஜில் வைத்து நான் சொன்ன சரியை விட்டுவிடு. அது நாலு பேருக்காகச் சொன்னது. உனக்குச் சொல்ல வேண்டியதை இதோ எழுதுகிறேன்: கையெழுத்து வைக்காதே. வந்துவிடு. மெடம் கோபித்தால் கோபிக்கட்டும். உன் புருசன் கெஞ்சுகிறான் என்று சொல், அதில் எனக்கு இனி வெட்கமில்லை.

இன்று பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய், வீட்டில் இன்னொரு ஆளும் இருக்கிறார், பேர் மரியகொறற்றி, தயவுசெய்து திரும்ப ஒருமுறை வந்து மந்திரியுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்த அம்மா வந்த பிறகே வருகிறேன் என்றார். ஃபாதரைக் காத்திருக்க வைக்காதே, தாயே.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
எஸ்ரன்